ஊது அக்காவின் திங்கட்கிழமை மூச்சு

அந்த ஆஸ்பத்திரியில் யாரைத் தேடுவதானாலும் நாலு பேரிடம் வழி கேட்க வேண்டியிருக்கும். ஊது அக்காவைத் தேடுகிறவர்களுக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. முதல் மாடிக்கு ஏறிக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் போதும். "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விட்டுடாதீங்க, இன்னும் இருக்கு, உள்ள இன்னும் இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று ஒரு குரல் சாத்திய கதவையும் மீறி வரும். எக்ஸ்ரே அறைக்காரர் தன் அறையை நடைக்கூடத்தின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டபோது வெளிச்சம் போதவில்லை என்று காரணம் சொன்னார். எக்ஸ்ரே எடுக்க எதற்கு வெளிச்சம் என்று யாரும் கேட்கவில்லை.

நெஞ்சு டாக்டர் அனுப்புகிறவர்களின் மூச்சை அளப்பதுதான் அவள் வேலை. அறையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு மெஷின், சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டிய ஒரு சிலிண்டர், கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று, மூக்கைப் பிடிக்கும் கிளிப்புகள் நிறைந்த டப்பா, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்ச். வருகிறவர்கள் மூக்கில் கிளிப்பை மாட்டி, அட்டைக் குழாயை வாயில் கவ்வி, முழுமூச்சாக ஊத வேண்டும். முக்கால்வாசிப் பேர் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். மனிதர்கள் எதில் தாராளமாக இருந்தாலும் மூச்சை விடுவதில் மகா கஞ்சர்கள் என்பது பதினோரு வருட அனுபவத்தில் அவள் கண்டது. அதனால் எதிரே நின்று அவளும் கன்னத்தை உப்பி, குதிகாலைத் தூக்கி, முகம் சிவக்க ஊதுவாள். அவளைப் பார்த்தே பலருக்குச் சிரிப்பு வந்து காற்று வீணாகும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

இந்த ஊதல் முதல் பரிசோதனை. நெஞ்சுக்குள் எவ்வளவு காற்று வந்து போகிறது, எத்தனை வேகத்தில் போகிறது என்று அது சொல்லிவிடும். இரண்டாவது பரிசோதனையில் சத்தமே கிடையாது. அவளுக்குச் செல்லம் அதுதான். வந்த காற்று ரத்தத்துக்குள் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது அது.

"காத்து உள்ள போறது பெரிய விஷயமில்ல, பலூனுக்குள்ளகூடத்தான் போகுது" என்று வருகிறவர்களிடம் ஆரம்பிப்பாள். மூச்சுக்குழாய் இரண்டாகி, நாலாகி, எட்டாகி, இருபது முறைக்கு மேல் கிளைவிட்டு, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளில் முடிகிறது. முப்பது கோடிக்குக் குறையாத பைகள். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஒரு வீட்டின் தரை முழுவதையும் மூடிவிடலாம். ஒவ்வொரு பையையும் சுற்றி நூலைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள். பைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. பிராணவாயு பைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. வந்து சேரும் ரத்தத்தில் அது குறைவு. நெருக்கம் உள்ள பக்கத்திலிருந்து இடம் உள்ள பக்கத்துக்கு அது தானாகக் கடந்துவிடும். ரத்தம் சுமந்துவந்த கழிவுக் காற்றும் அதே சுவர் வழியாக இந்தப் பக்கம் வந்து, வெளியே விடும் மூச்சோடு போய்விடும். "யாரும் தள்ளறதும் இல்ல, இழுக்கறதும் இல்ல. ரத்தம் அந்தப் பையைத் தாண்டிப் போறதுக்கு முக்கால் செகண்ட். அதுல கால் செகண்டுலயே வேலை முடிஞ்சிடும்" என்பாள். என்னவோ அந்தச் சுவரை அவளே பூசிக் கொடுத்தது மாதிரி ஒரு பெருமை முகத்தில் வரும்.

அப்படிக் கடப்பதை அளக்கத்தான் சிலிண்டர். அதில் உள்ள காற்றில் இம்மியளவு கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். ஆளைப் பாதிக்காத அளவு. ரத்தம் அதைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்கு ஆசையோடு பிடித்துக்கொள்ளும். நெஞ்சு நிறைய இழுத்துப் பத்து செகண்ட் அடக்கிப் பிறகு விட வேண்டும். உள்ளே போனதில் எவ்வளவு திரும்பி வரவில்லையோ அவ்வளவு சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போயிருக்கிறது என்று கணக்கு. அந்தப் பத்து செகண்டும் அவளும் சேர்ந்து மூச்சை அடக்குவாள். அடக்க வேண்டிய அவசியமே இல்லை. எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இத்தனை பேரை அளக்கிற மெஷின் சரியாக இருக்கிறதா என்று யார் பார்ப்பது? அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அளக்கிறவரே வாரம் ஒருமுறை உட்கார்ந்து ஊத வேண்டும். ஆரோக்கியமான ஆளின் அளவு வாரத்துக்கு வாரம் மாறாது; மாறினால் மெஷினில் கோளாறு என்று அர்த்தம். ஊது அக்கா ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊதுவாள். வேலைக்குச் சேர்ந்த அன்று இரண்டாவது பரிசோதனையில் அவள் அளவு இருபத்து நாலு. பதினோரு வருடமாக அதே இருபத்து நாலு, சில வாரம் கால் புள்ளி கூட, சில வாரம் அரைப் புள்ளி குறைய. அதை ஒரு நீளத் தாளில் தேதி போட்டு எழுதி பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். தாள் தீர்ந்தால் அதன் கீழே இன்னொன்றை ஒட்டுவாள். யாராவது அது என்ன என்று கேட்டால், "தராசுக்கு இருக்கற மாதிரி, என் நெஞ்சுதான் இந்த மெஷினுக்குப் படிக்கல்லு" என்பாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

அப்படிப்பட்டவளின் எண் இறங்க ஆரம்பித்தது.

முதலில் இருபத்து மூன்று. குளிர் காற்று, மெஷின் சூடேறவில்லை என்று விட்டுவிட்டாள். அடுத்த மாதம் இருபத்திரண்டு. சிலிண்டரை மாற்றினாள். பிறகு இருபது. குழாய்களைக் கழற்றிக் கழுவி மாட்டினாள். "உனக்கு என்ன குறை வெச்சேன்?" என்று மெஷினிடமே கேட்டாள். நாலாவது மாதம் பத்தொன்பது வந்ததும் நெஞ்சு டாக்டரிடம் போய், மெஷின் காலை வாருகிறது, அடுத்த ஆளை ஊத வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கம்பெனி இன்ஜினியர் வரும்வரை இரண்டாவது பரிசோதனை நின்றது. அந்த மூன்று நாளில் அவள் சும்மா இருக்கவில்லை. மெஷின் தப்பு என்றால் நாலு மாதமாகப் போன ரிப்போர்ட்டெல்லாம் தப்பு. தொண்ணூற்று இரண்டு பேரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். பெயரும் போன் நம்பருமாக நாலு பக்கத்துக்கு எழுதி வைத்தாள்.

இன்ஜினியர் வந்து, மூன்று லிட்டர் காற்று பிடிக்கும் பெரிய சிரிஞ்சை மாட்டித் தள்ளிப் பார்த்தார். சரியாக இருந்தது. எங்காவது கசிகிறதா என்று பார்த்தார். இல்லை. கடைசியில் அவரே நாற்காலியில் உட்கார்ந்து கிளிப்பை மாட்டிக்கொண்டு ஊதினார்.

"அக்கா, நான் ஊர் ஊரா ஊதறவன். என் நம்பர் முப்பத்தொண்ணு. போன வாரம் வேற ரெண்டு ஆஸ்பத்திரில முப்பத்தொண்ணு. இங்கயும் முப்பத்தொண்ணு. மெஷின் தங்கம்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மெஷின் தங்கம் என்றால் மீதி இருப்பது ஒரே ஒரு ஆள்தான்.

நெஞ்சு டாக்டர் அவள் தாளைப் பார்த்தார். ஊதும் அளவு பழையபடி அமோகமாக இருந்தது. கடக்கும் அளவு மட்டும்தான் சரிந்திருந்தது. "ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்மா, எதுக்கும்" என்றார். "எடுத்துடலாம் சார், அடுத்த வாரம்" என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அந்த 'எதுக்கும்' எதற்கு என்று அவளுக்குத் தெரியும். நன்றாக ஊதியும் காற்று கடக்காதவர்களை அவள் பார்த்திருக்கிறாள். மெல்லிய அந்தச் சுவர் தழும்பேறித் தடித்துப் போனவர்கள். ஒரு டீச்சர் வருவார். இருபத்து மூன்று, பத்தொன்பது, பதினாலு என்று வருகைக்கு வருகை குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் 'என் மார்க் என்ன' என்று சிரித்துக்கொண்டு கேட்பார். பிறகு வருவதே நின்றுவிட்டது. தொண்ணூற்று இரண்டு பேரின் பட்டியலை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். அத்தனை பேருக்கும் போன் போட்டுத் திட்டு வாங்கியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

வீட்டில் மூச்சு விடவில்லை. அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையும் மாலையும் நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே இருப்பவர் என்பதால் வீட்டில் அதிகம் பேச மாட்டார். ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சில வாரங்களாக அவளால் இரண்டாவது மாடியைத் தாண்ட முடியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நின்று இளைப்பாறினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இரண்டாம் மாடி வீட்டுக் கதவைத் தட்டி, தண்ணி வந்ததா, கரண்ட் போனதா என்று எதையாவது விசாரிப்பாள். ஆறு வருடமாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவள் திடீரென்று தினமும் கதவைத் தட்டியதில் அந்த வீட்டுக்காரி முதலில் மிரண்டாள். அப்புறம் அவளுக்கும் பிடித்துப்போய், சாயங்காலம் ஆறு மணி ஆனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ரெண்டாவது மாடில உனக்கு என்ன வேலை?" என்று கணவர் ஒருநாள் கேட்டார்.

"பேசக்கூடக் கூடாதா?"

"பேசு. பேசறதுக்கு முன்னாடி எதுக்கு அவ்ளோ நேரம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற?"

அவள் செருப்பு கடிக்கிறது என்றாள். அவர் மறுநாளே புதுச் செருப்பு வாங்கி வந்து வைத்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. செருப்பின் நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தாள்.

இந்த நிலைமையில்தான் பஞ்சர் கடைக்காரர் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி முப்பது வருடமாக டயருக்கு ஒட்டுப் போடுகிறவர். படி ஏறினால் இரைக்கிறது என்று டாக்டர் அனுப்பியிருந்தார்.

"ரத்த ரிப்போர்ட் எங்கண்ணே?"

"கோளாறு நெஞ்சுலம்மா. ரத்தத்துக்கு ஒண்ணுமில்ல."

"ரத்த ரிப்போர்ட் இல்லாம இங்க ஊத விடமாட்டேன்" என்றாள். இந்த வசனத்தை அவள் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது சொல்லிவிடுவாள். "நுரையீரல் காத்தைக் கொண்டாந்து வாசல்ல வைக்கும். எடுத்துக்கிட்டுப் போக ஆள் வேணுமில்ல? ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின்தான் அந்த ஆளு. ஆள் கம்மியா இருந்தா சரக்கு வாசல்லயே நிக்கும். மெஷினுக்கு அது தெரியாது. உங்க நுரையீரல்தான் மோசம்னு எழுதிடும். அதனாலதான் அந்த அளவைக் கேட்டு இந்தக் கட்டத்துல போடறேன். போட்டா மெஷின் அதுக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைச்சுச் சொல்லும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய், நாலு நாள் கழித்து வீட்டில் கிடந்த ஒரு ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வந்தார். ஐந்து மாதம் பழையது.

"இது செல்லாதுண்ணே."

"என் ரத்தம்தானேம்மா இது?"

"ரத்தம் என்ன போட்டோவா, எடுத்தது அப்படியே இருக்கறதுக்கு? கீழ லேப்ல போய்க் குடுத்துட்டு வாங்க. ஒரு மணி நேரத்துல தருவாங்க."

மனிதர் கீழே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் வேலையில்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழக்கமில்லாதவர். கிளிப் டப்பாவை எண்ணிப் பார்த்தார். சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார். அவள் அதட்டினாள். பிறகு திரும்பி, தலைக்கு மேலே ஒட்டியிருந்த நீளத் தாளை மேலிருந்து கீழே, எழுந்து நின்று, குனிந்து, முழங்காலில் உட்கார்ந்து என்று வரி விடாமல் படித்தார்.

"யாரோட கணக்கும்மா இது?"

"என்னோடது. வாராவாரம் நான் ஊதறது." படிக்கல் கதையை இப்போதெல்லாம் அவள் யாரிடமும் சொல்வதில்லை.

"கடைசில இறங்குதே."

"இறங்குது."

"பக்கத்துல இருக்கற கட்டம் என்ன?"

"அதான் ஹீமோகுளோபின். இப்ப சொன்னேனே."

அவர் மறுபடி குனிந்தார். விரலை வைத்து மேலே போனார், கீழே வந்தார். "பதிமூணு புள்ளி நாலு. பதிமூணு புள்ளி நாலு. மேலேருந்து கீழ வரைக்கும் அதே பதிமூணு புள்ளி நாலு. எத்தனை வருசமா?"

"பதினோரு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள்.

"அஞ்சு மாசத்துக்கு என்னை விரட்டினீங்களே" என்றார் பஞ்சர் கடைக்காரர், கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு. "ரத்தம் என்ன போட்டோவாம்மா?"

வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த ரத்த அளவு அது. அன்றைக்குக் கட்டத்தில் போட்டாள். மெஷின் அதை நினைவில் வைத்துக்கொண்டு திங்கள்தோறும் தானே நிரப்பியது. அவள் கை அதைப் பார்த்துப் பார்த்து ஐந்நூறு தடவைக்கு மேல் தாளில் எழுதியது. வருகிறவர் போகிறவரையெல்லாம் கண்ணில் விரலை விட்டு ஆட்டியவள் தன் ரத்தத்தை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. டாக்டருக்கும் அச்சில் பதின்மூன்று புள்ளி நான்கு என்று வந்ததில் சந்தேகப்பட வழியில்லாமல் போயிற்று. ஒரு வருடமாகவே அவளுக்கு மாதவிலக்கு பத்து நாளுக்குக் குறையாமல் நீண்டுகொண்டிருந்தது. நாற்பத்து மூன்று வயதில் அப்படித்தான் இருக்கும் என்று அவளே தீர்ப்பு எழுதி மூடி வைத்திருந்தாள்.

"அண்ணே, எதையும் தொடாம உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினாள். ஓடினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்கினாள். ரிப்போர்ட் வரும்வரை லேப் வாசலிலேயே நின்றாள். எட்டு புள்ளி இரண்டு என்று வந்தது. லேப் பெண் பதறிப்போய், "அக்கா, இவ்ளோ கம்மியா வெச்சுக்கிட்டு எப்படி அந்தக் கத்து கத்தறீங்க?" என்றாள். எட்டு புள்ளி இரண்டைக் கேட்டு இத்தனை சந்தோஷப்பட்ட ஆளை அந்த லேப் அதற்கு முன் பார்த்ததில்லை.

மேலே வந்து, பஞ்சர் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, கிளிப்பை மாட்டி ஊதினாள். இழுத்து அடக்கினாள். அவள் எதிரே அவரும் கன்னத்தை உப்பி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பத்தொன்பது என்று வந்தது. பதின்மூன்று புள்ளி நான்கை அழித்தாள். எட்டு புள்ளி இரண்டு என்று போட்டாள். மெஷின் ஒரு கணம் யோசித்துவிட்டு இருபத்து நாலு என்றது.

நெஞ்சுக்குள் இருக்கும் அந்தச் சுவரில் ஒரு கீறலும் இல்லை. முப்பது கோடிப் பையும் அதனதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. சுமந்துபோக ஆள்தான் இல்லை. அவள் கிளிப்பைக்கூடக் கழற்றாமல் அழுதாள். மூக்கு அடைபட்டிருந்ததால் அந்த அழுகை கேட்க விநோதமாக இருந்தது. பஞ்சர் கடைக்காரர் சங்கடப்பட்டுச் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க கடையிலயும் இப்படி வருவாங்கம்மா" என்றார். "டயரை மாத்து, டியூபை மாத்துன்னு. எல்லாம் நல்லாத்தான் இருக்கும். காத்தடிக்கறப்ப மீட்டரைப் பாத்திருக்க மாட்டாங்க."

அவருடைய ரிப்போர்ட்டும் வந்தது. ரத்தம் பதினாலு, கடக்கும் அளவு கொஞ்சம் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை என்று பிற்பாடு டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அவரை அவள் ஊத வைத்த சத்தம் மறுகோடி எக்ஸ்ரே அறைவரை கேட்டது.

நெஞ்சு டாக்டர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு தானும் கேட்டிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். அன்றே மகளிர் டாக்டரிடம் அனுப்பினார். அவர் ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையில் சின்னக் கட்டி, சாதாரணக் கட்டிதான், மருந்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி ரத்தப்போக்கைக் குறைக்க ஒன்றும் இரும்புச்சத்துக்கு ஒன்றுமாக மாத்திரை எழுதினார்.

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "இத்தனை நாள் தனியாவே பயந்துக்கிட்டு இருந்தியா?" என்று மட்டும் கேட்டார். அவருக்குக் கோபம் வந்தது அவளுக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிதாக வேறு ஒன்றும் வந்தது. எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். மறுநாளிலிருந்து வேனை எடுக்கும்போது கீழேயிருந்து மூன்று தடவை ஹார்ன் அடிப்பார். மாத்திரை போடு என்று அர்த்தம். டீயோடு போடக் கூடாது என்பதால் அவள் சமையலறை ஜன்னலுக்கு வந்து தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்கு அப்புறம்தான் வண்டி நகரும். நாற்பது பிள்ளைகளும் ஜன்னலைப் பார்த்துக் கை தட்டும்.

மூன்று மாதம் போயிற்று. இரண்டாவது மாடியில் இளைப்பாற வேண்டிய தேவை அவளுக்கு இப்போது இல்லை. ஆனாலும் ஆறு மணிக்கு அங்கே நிற்கிறாள். ஒருத்தி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாளே.

அன்றைக்குத் திங்கட்கிழமை. கதவைச் சாத்தி, கிளிப்பை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மெஷின் கட்டத்தில் போன முறை போட்ட எண்ணைத் தானே நிரப்பிக் காட்டியது. பதினொன்று புள்ளி ஆறு. மூன்று வாரத்துக்கு முந்தையது. பெரிதாக மாறியிருக்காது, இந்த ஒரு வாரம் இருக்கட்டும் என்று பொத்தான்மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுத்தாள். கிளிப்பைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுக் கீழே போய் லேப் வரிசையில் நின்றாள்.

முன்னால் நின்ற ஆள் திரும்பினார். பஞ்சர் கடைக்காரர், மூன்று மாதப் பரிசோதனைக்கு வந்திருந்தார்.

"என்னம்மா, நீங்களும் வரிசையிலயா?"

"ரத்த ரிப்போர்ட் இல்லாமப் போனா மேல ஊத விடமாட்டாங்கண்ணே."

"யாரு?"

"அங்க ஒருத்தி இருக்கா" என்றாள் ஊது அக்கா. "ரொம்ப மோசம்."